சுவரோரம் நடக்கும் எலி

மேசையைச் சுற்றியிருந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் விளையாட்டுகளை இளைஞர்கள் ஆடக் கண்டிருக்கிறேன். அவற்றுள் 1985இல் அமெரிக்காவின் பலேடியம் நிறுவனம் வெளியிட்ட நின்ஜா ஆமைகள் விளையாட்டு தனி ரகம். எரிக் வுஜிக் எழுதிய அதன் விதிநூலில், திரிபடைந்த விலங்காக ஆடுபவருக்குக் குறித்த அளவு புள்ளிகள் உண்டு. மனிதக் கை, நிமிர்ந்த நடை, பேச்சு என ஒவ்வொன்றையும் புள்ளி கொடுத்தே பெறவேண்டும். கூரிய மோப்பத்துக்கும் அதே பையிலிருந்துதான் செலவு. மனிதச் சாயல் கூடக்கூட விலங்குக்கு மிஞ்சுவது குறையும். அருமையான கணக்கு!

ஆனால் புள்ளிகள் உடலைத்தான் தரும்; நடத்தையை ஆடுபவரே கொண்டுவரவேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். நாய் இடையிடையே குரைக்கிறது, பூனை பால் கேட்கிறது. (வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பது வேறு கதை.) மற்ற நேரமெல்லாம் அவை மனிதராகவே சிந்திக்கின்றன.

உண்மையான எலி திறந்த வெளியை அஞ்சும். மீசை சுவரில் உரச ஓரமாகவே போகும். முயல் ஆபத்தை உணர்ந்தால் உறைந்து நிற்கும், பின்னங்காலால் நிலத்தை அறையும். எலியாக ஆடுபவர், கையில் துப்பாக்கி இருந்தாலும், மண்டபத்தின் நடுவே வந்து பேச மறுக்கவேண்டும். அந்தத் தயக்கத்தால் கூட்டாளிகள் அகப்படவும் கூடும். அப்போதும் சுவரைவிட்டு விலகாத ஒருவரை ஒருமுறை பார்த்தேன். மற்றவர்கள் அவரோடு கோபித்துக்கொண்டார்கள்.