தம்பியின் இரு எண்கள்

தொட்டியத்தில் வாழை பயிரிடும் எம் தம்பிக்கு, அன்னை ஈந்த சிறுநீரகம் பொருத்தப்பட்டு ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டன. உடல் அதனை அயலாகக் கருதித் தாக்காதிருக்க, நாள்தோறும் இருவேளை டாக்ரோலிமஸ் மாத்திரை உட்கொள்கிறான். 1984இல் ஜப்பானின் சுக்குபா மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கண்டறியப்பட்ட மருந்து. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடல் சிறுநீரகத்தை மறுத்துவிடும்; மிகுந்தால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பாக இரத்தம் எடுத்து அளக்கிறார்கள்.

வழக்கமாகச் சென்னையில் பார்ப்பான், 6.4, 6.6 என்றே வரும். சென்ற ஆண்டு வாழைத்தார் வெட்டும் வேளையாதலால் திருச்சியிலேயே கொடுத்தான். 8.1 என்று வந்தது. அன்று மாலை தொலைபேசியில், "அண்ணே, கூடிப்போச்சு. ராத்திரி மாத்திரைய விட்டுடவா?" என்றான். நமக்கும் அது நியாயமாகவே பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் மருத்துவரைக் கேட்டுவிடுவோம் என்று அழைத்தோம். அவர் கேட்ட முதற்கேள்வி: "எந்த முறையில பார்த்தாங்க?"

அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. திருச்சியில் எதிர்ப்பொருளைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். எதிர்ப்பொருள் மருந்தின் வடிவை அடையாளங்கண்டு பற்றுவது. கல்லீரல் மருந்தைச் சிதைக்கையில் பிறக்கும் துணைப்பொருள்கள் சிலவும் ஏறத்தாழ அதே வடிவின. அவற்றையும் ஓரளவு சேர்த்துப் பற்றிவிடுகிறது. எண் சற்றே உயர்ந்துவிடும். சென்னையிலோ மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி. கலவையை முதலில் பிரித்து, மருந்தின் மூலக்கூறை அதன் நிறையால் இனங்காணும் முறை. துணைப்பொருள் அங்கே கணக்கில் கலப்பது அரிது. ஆனால் கருவி விலைமிக்கது, தேர்ந்த ஆட்களும் வேண்டும். மற்றதோ எளியது, விரைவில் முடிவு தருவது. அதனைப் பிழையென்று தள்ளுவதற்கில்லை. ஒருவர் தொடர்ந்து அதிலேயே பார்த்துவந்தால் ஏற்ற இறக்கம் தெளிவாகவே புலப்படும். ஒரு முறையின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒட்டிப் பார்ப்பதில்தான் இடர்.

உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த வரலாற்றை இருபதாண்டுகளாக வகுப்பில் சொல்லிவருகிறோம். எந்த ஏட்டின் பாடம் இது என்று மாணவரைக் கேட்கும் நமக்கு, இவ்வெண் எந்த முறையினது என்று கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

மருத்துவர் மாத்திரையைக் குறைக்கவில்லை. மறுவாரம் சென்னையில் பார்த்தபோது 6.5. தம்பியின் குறிப்பேட்டில் தேதி, நேரம், எண் என்று மூன்று கட்டங்களே இருந்தன. இப்போது நான்காவதாக ஒன்று வரைந்து, 'முறை' என்று தலைப்பிட்டிருக்கிறான்.