அண்டா வாடகையும் சொந்தப் பானையும்

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க ஆரம்பித்ததில் இருந்து எனக்கு ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் 'இதை வாங்கினால் லாபமா, வாடகைக்கு எடுத்தால் லாபமா' என்று கணக்குப் போடுகிறேன் :-) அந்த வியாதியோடு கிளவுட் கம்ப்யூட்டிங் பக்கம் எட்டிப் பார்த்ததில் பிறந்ததுதான் இந்தப் பதிவு.

கிளவுட் என்றதும் வானத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் மாதிரி கம்பெனிகள் பெரிய பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான சர்வர்களை ஓடவிட்டிருக்கின்றன. நம் கணக்கு வழக்கை அதில் வைத்துக்கொண்டு, பயன்படுத்திய அளவுக்கு மாதாமாதம் வாடகை கட்டுகிறோம். அவ்வளவுதான். 2006-இல் அமேசான் இந்த வியாபாரத்தை ஆரம்பித்தது. அதன் பிறகு சொந்த சர்வர் வைத்திருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக அங்கே குடிபோனார்கள். இப்போது அதில் சிலர் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு சொந்த வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

யார் என்று கேட்டால், 37சிக்னல்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் கம்பெனி. 2022-இல் மட்டும் அவர்கள் கட்டிய கிளவுட் வாடகை சுமார் 32 லட்சம் டாலர். அந்த ஆண்டு அக்டோபரில் 'நாங்கள் வெளியேறுகிறோம்' என்று அறிவித்தார்கள். சுமார் 7 லட்சம் டாலருக்கு சர்வர்கள் வாங்கி, 2023-இல் தங்கள் மென்பொருள்களை எல்லாம் அதற்கு மாற்றினார்கள். வாடகை சுமார் 13 லட்சம் டாலராகக் குறைந்தது. சர்வர் வாங்கிய காசு அந்த ஆண்டே திரும்பி வந்துவிட்டது. அவர்களுக்கு முன்பே டிராப்பாக்ஸ் கம்பெனி தன் வாடிக்கையாளர்களின் கோப்புகளில் பெரும்பகுதியை அமேசானில் இருந்து எடுத்துச் சொந்த சர்வர்களில் வைத்தது. 2016, 2017 இரண்டு ஆண்டுகளில் அதனால் செலவு 7.46 கோடி டாலர் குறைந்ததாக, 2018-இல் பங்கு வெளியிட்டபோது அவர்களே கணக்குக் காட்டினார்கள்.

அப்படியானால் கிளவுட் என்பதே ஏமாற்று வேலையா? இல்லை. நம்ம ஊர்க் கணக்காகவே பார்ப்போம்.

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குக் கூட்டம் அலைமோதும். பந்தல், லைட், சேர் எல்லாம் வாடகைக்கு வரும். சில நாள் கூட்டத்துக்காக யாராவது பந்தல் சாமானை விலைக்கு வாங்கி வருஷம் முழுக்க வீட்டில் அடுக்கி வைப்பார்களா? கல்யாணத்துக்கு அண்டாவும் வாடகைக்குத்தான். ஆனால் தினமும் வீட்டில் சோறு வடிக்கிற பானையை யாராவது வாடகைக்கு எடுப்பார்களா? எடுத்தால் ஒரே வருஷத்தில் பானை விலையைப் போல நாலு மடங்கு கட்டியிருப்போம்.

சர்வரும் இப்படித்தான். பண்டிகை விற்பனை, ரிசல்ட் வெளியாகும் நாள், டிக்கெட் முன்பதிவு என்று திடீரென்று ஏறி இறங்குகிற வேலைக்கு வாடகை நல்லது. புதிதாகத் தொழில் ஆரம்பிக்கிறவருக்கும் நல்லது, கையில் முதல் இல்லாமலே தொடங்கிவிடலாம். ஆனால் வருஷம் முழுக்க ஒரே அளவில் ஓடுகிற வேலைக்கு வாடகை கட்டினால், அடுத்தவருடைய லாபத்தையும் சேர்த்துக் கட்டுகிறோம். 37சிக்னல்ஸ், டிராப்பாக்ஸ் இரண்டுமே தினமும் சோறு வடிக்கிற ரகம்.

எங்கள் பாடத்தில் இதையே மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பிரித்துச் சொல்வார்கள். வாடகை அந்தந்த மாதமே செலவில் போய்விடும். சர்வர் வாங்கினால் அது சொத்து. நம் 2013 கம்பெனிச் சட்டம் சர்வருக்கு 6 ஆண்டு ஆயுள் போட்டிருக்கிறது, அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்மானம் எழுதலாம். ஆனால் வெறும் சர்வர் விலையை மட்டும் வாடகையோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும். கரண்ட், ஏசி, யுபிஎஸ், ராத்திரி இரண்டு மணிக்குக் கெட்டுப்போனால் பார்க்கிற ஆள் என்று எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். 37சிக்னல்ஸ்கூட சர்வரை ஆபீஸ் மாடியில் வைக்கவில்லை. டேட்டா சென்டரில் இடத்தை மட்டும் வாடகைக்குப் பிடித்து, தன் சர்வரை அங்கே கொண்டுபோய் வைத்தது.

இது வரைக்கும் காசு. காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, சாவி.

குஜராத்தில் வாடினார் என்ற ஊரில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்துகிறது நயாரா எனர்ஜி. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் கம்பெனிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய யூனியன் நயாரா மீது தடை விதித்தது. சில நாளிலேயே மைக்ரோசாப்ட் தன் சேவைகளை நிறுத்திவிட்டது. ஊழியர்களால் ஆபீஸ் மெயிலைக்கூடத் திறக்க முடியவில்லை. இத்தனைக்கும் அந்தச் சேவைகளுக்குக் காசு கட்டியாகிவிட்டது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, ஜூலை மாதக் கடைசியில் சேவை திரும்ப வந்தது. சட்டப்படி யார் சரி என்பது வேறு விவாதம். நம் பெட்டியின் சாவி வேறு தேசத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த உதாரணம் இது.

அது பெரிய இடத்து விவகாரம் என்று நினைக்கலாம். என் சித்தப்பா சங்கரன்கோவிலில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறார். கடைக் கணக்கு முழுக்க வருடச் சந்தா கட்டுகிற ஓர் ஆன்லைன் பில்லிங் மென்பொருளில் இருந்தது. மூன்றாம் வருஷம் சந்தாவை ஏற்றிவிட்டார்கள். 'யோசித்துக் கட்டுவோம்' என்று நாலு நாள் தள்ளினார். திறந்து பார்த்தால் 'புதுப்பிக்கவும்' என்ற ஒரே ஒரு பக்கம் மட்டும்தான் வருகிறது. ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்ய வேண்டிய 20-ஆம் தேதிக்கு மூன்று நாள்தான் பாக்கி. யார் எவ்வளவு தரவேண்டும் என்றுகூடப் பார்க்க முடியவில்லை.

"ஏலே, என் கடை பாக்கிய நான் பாக்கதுக்கு இன்னொருத்தன்கிட்ட சாவி வாங்கணுமால?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பணத்தைக் கட்டித்தான் திறந்தார். அடுத்த ஏப்ரலில் கடைக் கணினியிலேயே டேலி போட்டோம். பழைய மென்பொருளில் இருந்து எக்ஸெல் பட்டியலாகத்தான் விவரங்கள் கிடைத்தன, பாக்கித் தொகைகளை ஒவ்வொன்றாக நான் உட்கார்ந்து ஏற்றினேன். கணினி, யுபிஎஸ், டேலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சந்தாவைவிடப் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை. அவர் காசு கொடுத்து வாங்கியது சாவியைத்தான். குடிபோகும்போது யாரும் வெளியேறும் செலவைச் சொல்வதில்லை. பெரிய கிளவுட் கம்பெனிகளும் வெகுகாலம் இப்படித்தான். உள்ளே போடுவது இலவசம், வெளியே எடுக்கக் கட்டணம். ஒரேயடியாக விலகிப் போகிறவர்களுக்கு அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ததே 2024-இல்தான்.

சரி, எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டால் நிம்மதியா? அதுவும் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். தாமிரபரணிக் கரையில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி ஒரு நாளில் கடை மேஜைக்கு அடியில் இருக்கிற கணினி என்ன ஆகும்? தென் கொரியாவில் 2025 செப்டம்பரில் அரசாங்கத்தின் சொந்த டேட்டா சென்டரிலேயே பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த 858 டெராபைட் விவரங்கள் போயே போய்விட்டன. வேறு இடத்தில் நகல் இல்லை. சொந்த வீடுதான், ஆனால் பத்திரத்துக்கு ஜெராக்ஸ் இல்லை.

நம் அரசாங்கத்துக்கு இது புரிந்திருக்கிறது. கம்பெனிகள் கணக்குப் புத்தகத்தைக் கணினியில் எங்கே வைத்தாலும், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் நகல் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள்.

கடைசியாக, எங்கள் மாவட்டத்துக் கதை ஒன்று. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011-இல் அலுவலகம் திறந்த ஜோஹோ, தன் மென்பொருள்களை அடுத்தவர் கிளவுடில் வாடகைக்கு வைக்காமல் சொந்த டேட்டா சென்டர்களில்தான் ஓட்டுகிறது. போகாத வீட்டில் இருந்து திரும்பி வர வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஆனால் ஒன்று, நாம் ஜோஹோவில் கணக்கு வைத்தால் நமக்கு அதுவும் வாடகை வீடுதான். நம்ம ஊர்க்காரர் வீடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் கடை வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். கிளவுடோ சொந்தமோ, எது கணக்குக்கு ஒத்துவருகிறதோ அதில் வையுங்கள். சந்தா கட்டும் முன், நாளைக்கு விலகினால் என் கணக்கு எந்த வடிவத்தில் கையில் கிடைக்கும் என்று கேளுங்கள். ஒரு நகலை எப்போதும் வேறு ஓர் இடத்தில் வையுங்கள். சித்தப்பா தினமும் கடை அடைக்கும்போது ஒரு ஹார்ட் டிஸ்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ராயகிரிக்கு பஸ் ஏறுகிறார். கடையில் என்ன ஆனாலும் கணக்கு ஊரில் பத்திரமாக இருக்கும்.