பூசைத் தும்பையும் மருந்துத் தும்பையும்

ஆன்மாக்கள் மலவலி குன்றித் திருவடி கூடுதற்பொருட்டு, இறைவன் மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைப் படைத்தளித்தனன் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. ஆதலின் இவ்வுடம்பு நமக்கு உடைமை அன்று. ஒரு தொழிலின்பொருட்டு நம்பால் ஒப்புவிக்கப்பெற்ற கருவியேயாம். முன்னர் உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்த திருமூல நாயனார், அதனகத்தே இறைவன் வீற்றிருத்தலைக் கண்டபின் அதனைப் பேணலாயினார் என்பதும் ஈண்டு நினைக்கற்பாலது.

நோய் வினைவழி வருவதெனின், அதற்கு மருந்து தேடுதல் வினையோடு மாறுகொள்ளுதல் ஆகாதோ எனச் சிலர் வினவுவர். கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் திருஞானசம்பந்தப் பிள்ளையாருடன் இருந்த அடியார்களை அந்நாட்டுக் குளிர்சுரம் பற்றியபோது, பிள்ளையார் திருநீலகண்டப் பதிகம் அருளி அந்நோயைத் தீர்த்தனர். வினை என்று சொல்லி உய்யும்வழி நாடாதிருத்தல் குறையே என்பது அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே பெறப்படுகின்றது. வினையைத் தந்தவனே அதனைக் கழிக்கும் வாயிலையும் தருகின்றான். அவ்வாயில்களுள் மிகச் சிறியதொன்றைப் பற்றியே யான் எழுதப் புகுந்தேன். அது தும்பைச் செடி.

தும்பை, துளசியோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததெனத் தாவர நூலார் கூறுவர்; அவர் இட்ட பெயர் லூகாஸ் ஆஸ்பெரா. நாற்கோணத் தண்டும், நீண்டு ஒடுங்கிய இலையும், கணுக்கடோறும் திரண்ட பசிய கொத்தில் வெள்ளிய சிறு பூக்களும் உடையது. ஆடைக்கு வெண்மை கூறுவோர் இன்றும் தும்பைப் பூவையே உவமை காட்டுவர். தொல்காப்பியனார் வகுத்த புறத்திணைகளுள் ஒன்று இப்பூவாற் பெயர்பெற்றது. அஞ்சாது நேர்நின்று பொருவார் சூடிய அப்பூவே சிவபெருமான் திருமுடிக்கும் உகந்ததாயிற்று. வேலியோரத்தும் தரிசிலும் விதைப்பாரின்றி முளைத்து, களையென்று பறித்தெறியப்படும் ஒரு பூண்டுக்கு இத்துணைப் பேறு வாய்த்தமை, எளியாரை ஆட்கொள்ளும் இறைவன் இயல்புக்கு இயைந்ததே.

தானே முளைப்பதைத் தோட்டத்தில் வளர்ப்பானேன் என்று கேட்பாருளர். இக்காலத்து வழியோரங்களிலும் வயல்வரப்புகளிலும் களைக்கொல்லி தெளிக்கப்படுகின்றது. வண்டிப் புகையும் தூசியும் படிகின்றன. அத்தகைய இடத்துப் பூ பூசைக்கும் ஆகாது, மருந்துக்கும் ஆகாது. ஆதலின் எம் மனையின் பின்புறத்தே இரண்டு பாத்திகள் வகுத்தேன். ஒன்று பூசைக்கு, மற்றொன்று மருந்துக்கு.

வளர்க்கும் முறை எளிது. காய்ந்த பூங்கொத்துகளைத் துணிமேல் உதறினால் கரிய சிறு விதைகள் உதிரும். மழை தொடங்குங்கால் அவற்றை மணலோடு கலந்து தூவி, மேலே மண்ணை மெல்லத் தடவிவிட்டாற் போதும், ஆழப் புதைத்தலாகாது. நீர் தேங்குமிடத்து அழுகும். வெயில் நன்கு படல் வேண்டும். எம் தோட்டத்தில் எரு மிகுந்த பாத்தியில் இலை தழைத்ததேயன்றிப் பூ மிகவில்லை. மழைக்காலம் முழுதும் பூத்து, கோடை வரும்போது செடி காய்ந்துவிடும்; எனவே ஆண்டுதோறும் விதை எடுத்து வைத்தல் வேண்டும். பூவைப் பறிக்குங்கால் கொத்தை ஒடிக்காது, இதழை மட்டும் இரு விரலால் மெல்ல இழுத்தால் எளிதில் வரும். அடியில் ஒரு துளித் தேன் இருத்தலின், வண்டும் எறும்பும் நமக்கு முன்னரே வந்திருக்கும். அவற்றுக்கும் பங்கு விடுதல் முறை.

மருந்தாக இதனை எம் இல்லத்தார் வழங்குமாறு இரண்டே. நீர்க்கோவையும் தலைப்பாரமும் உற்றார்க்கு, தும்பையிலையும் நொச்சியிலையும் கொதிநீரிலிட்டு வேது பிடிப்பர். சிறுவர்க்குச் சளி கட்டினால், பூவைப் பாலிலிட்டுக் காய்ச்சி வடித்துச் சிறிதளவு கொடுப்பர். வேது பிடிக்குங்கால் சிறுவரைக் கொதிகலத்தின் அருகே தனியே விடலாகாது. பாம்புக்கடிக்கும் தும்பையைக் கூறும் வழக்கு உண்டு. அதனை நம்பிக் காலம் போக்குதல் உயிர்க்கு இறுதியாம். நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு அக்கணமே கொண்டுசெல்லல் வேண்டும். மூன்று நாளிலும் தணியாத சுரத்தையும், மூச்சுத் திணறலையும் மருத்துவரிடமே காட்டல் வேண்டும். சிறு மூலிகையைச் சிறு நோய்க்கு வழங்குதலே அதற்கு நாம் செய்யும் மதிப்பு.

இனி, இவ்விரு பாத்திகளால் எழுந்த ஒரு வினாவைக் கூறுவேன். கார்த்திகைச் சோமவாரந்தோறும் 108 தும்பைப் பூ சாத்துவதென ஓராண்டு சங்கற்பம் செய்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விளக்கேற்றுதற்கு முன்னர், எம் மருகி வந்து, “மாமா, பிள்ளைக்கு மூக்கடைத்து உறக்கமில்லை. மருந்துப் பாத்தியில் பூ ஒன்றுமில்லை. பூசைப் பாத்தியில் கொய்யலாமா?” என்று கேட்டாள். பேரனுக்கு அப்போது வயது ஆறு.

அக்கணம் என் நெஞ்சில் நின்றது திருவாரூர் நிகழ்ச்சியே. பூமண்டபத்தின் பக்கத்தே வீழ்ந்து கிடந்த ஒரு புதுமலரை எடுத்து மோந்தமையின், கழற்சிங்க நாயனாரின் தேவி செருத்துணை நாயனாரால் மூக்கரியப்பட்டார். எடுத்த கையையே முன்னர்த் துணித்தல் தகுமென்று அரசர் அதனையும் துணித்தனர். இறைவனுக்கென்று நினைந்த பூவில் பிறர்க்கு உரிமை இல்லை என்பதற்கு அதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. எனினும் ஆங்கு நிகழ்ந்தது மணத்தை நுகரும் வேட்கை. ஈங்கு வேண்டப்பட்டது ஓர் உயிரின் நோய் தீர்த்தல். மேலும், சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கே அரனெனத் தொழச் சொல்லுகின்றது. நடமாடுங் கோயிலாகிய அடியார்க்கு ஈந்தது இறைவனைச் சாருமென்பது திருமூலர் கருத்து. இவற்றை எண்ணி, “கொய்துகொள், அம்மா” என்றேன். மறுநாட் பூசையில் தும்பை 71 தான் இருந்தன. எஞ்சியதற்கு வில்வம் சாத்தினேன்.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், சிவபூசையில் உறைப்புடையவர், உடன்படவில்லை. “அடியார் என்று நீர் சொல்லுவது உம்முடைய பேரனை. அன்பென்று பெயரிட்டது பாசத்தை. அயலான் பிள்ளை இருமியிருந்தால் அப்பாத்தியைத் திறந்திருப்பீரா?” என்றார்.

அவ்வினாவின் கூர்மை என்னைப் பல நாள் விடவில்லை. சித்தாந்த நூல்களைக் கொண்டு அவர்க்கு விடை கூறுதல் எளிது. ஆயின் அவர் கேட்டது நூலை அன்று, என்னை. தன் குருதிக்கென்று வரும்போது மட்டும் விரிகின்ற நெறி, நெறியாகாது. நடமாடுங் கோயில் என்னும் கொள்கை மெய்யாயின், எம் வேலிக்கு அப்பாலும் அது மெய்யாதல் வேண்டும். இதற்கு விடை சொல்லால் அமைவதன்று. செயலால் அமைவது எனத் தெளிந்தேன்.

அதுமுதல் எம் தெருவில் எவர் வீட்டுப் பிள்ளைக்குச் சளி கட்டினும், குலமும் சமயமும் வினவாது, எப்பாத்தியிற் பூ உளதோ அப்பாத்தியிலிருந்து கொடுக்கின்றோம். நான்கு வீட்டார் விதையும் பெற்றுத் தத்தம் வேலியோரத்தே தூவியிருக்கின்றனர். அதன் பயனாகப் பூசைப் பாத்தியில் கைவைக்க நேர்வது அருகிற்று. சோமவாரத்தன்று அவர்களே ஒரு பிடி பூவைக் கொணர்ந்து திண்ணையில் வைத்துச் செல்லுவதும் உண்டு. நண்பரிடம் இதனைக் கூறினேன். அவர் ஒன்றும் விடையிறுக்கவில்லை; தம் மனைக்கும் சிறிது விதை வேண்டுமென்று கேட்டார்.

அன்பர்களே, உங்கள் மனையிலும் ஒரு முழ நிலமேனும், இன்றேல் ஒரு தொட்டியேனும் தும்பைக்கு ஒதுக்குமின். முதற்பூவை ஈசன் திருமுடியில் ஏற்றுமின். பின்னர் வாயிலில் வந்து கேட்பவர் யாவராயினும், அவரை அனுப்பியவன் யாவன் என்பதை எண்ணிக் கொடுமின். பூவைப் படைத்தவனுக்குப் பூவாற் குறையில்லை. நாம் எவ்வாறு பகிர்கின்றோம் என்பதே அவன் திருவுள்ளத்து நோக்கம் போலும்.

சிவசிவ.