முந்தானை மறைக்காத பக்கம்

“அக்கா, நீங்க குடுத்தது முளைச்சிருச்சு.”

போனில் எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஜூலை மாதம், புனேயின் வாகட்டில் நாலு நாளாக விடாத மழை. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்றுகூடப் பிடிபடவில்லை. பிறகுதான் விவரம் வந்தது. ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள நான் தைத்துக் கொடுத்த பையைத் துவைத்துப் பால்கனிக் கம்பியில் போட்டிருக்கிறாள். மூன்று நாளாகக் காயவில்லை. நான்காம் நாள் காலையில் துணி இழைகளின் நடுவே வெள்ளை வெள்ளையாக ஊசிமுனை மாதிரி எட்டிப் பார்க்கிறது. கனத்துக்காக உள்ளே நான் போட்டிருந்தது கம்பு.

அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். “எனக்கு எடுத்த மாரு மறுபடி வளருதுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேங்க்கா” என்றாள். அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். ஆனாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. துவைக்கும் துணிக்குள் தானியத்தைத் தைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் ஒரு பெண்ணின் உடம்பில் வைத்துவிட்டேனே. அதற்கு முன்பு கேழ்வரகு போட்டதில் வண்டு வந்தது. இப்போது தானியமே கிடையாது, கண்ணாடிப் பாசிமணிதான்.

எனக்கு வலது மார்பை எடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருடம். வேலை என்றால் சம்பளமோ பதவியோ இல்லை. புதிதாக நோய் தெரிந்த பெண்ணுடன் போய் உட்காருவது, ரவிக்கை தைப்பது, குரோஷாவில் பஞ்சு மார்பு பின்னுவது. 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்குப்படி இந்தியாவில் மட்டும் அந்த ஒரு வருடத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. இந்த ஒன்பது வருடத்தில் என் கைவழியாகப் போனவர்கள் நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள்.

என்னைப் பார்க்க முதலில் வந்தவர் ஒரு மராத்திக்காரர். ‘தாயி’ என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. எனக்கு அது தமிழ்த் தாயாகவே காதில் விழுந்தது, திருத்திக்கொள்ளத் தோன்றவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்தப் பக்கம்?” வலது என்றேன். “எனக்கு இடது” என்றார். அவ்வளவுதான் அறிமுகம். ‘தைரியமா இரு’ என்று அவர் சொல்லவே இல்லை. என் இடுப்பில் தொங்கிய, காயத்து நீர் வடியும் குப்பியைப் பார்த்து, இன்றைக்கு எத்தனை மில்லி என்று கேட்டார். அது குறைந்தால்தான் குழாயை எடுப்பார்கள், எடுத்தால்தான் நிம்மதியாகத் திரும்பிப் படுக்க முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போய் வேறொருத்தி கை மாதிரி இருக்கிறது என்றேன். “எனக்கும் இன்னும் அப்படித்தான்” என்றார். அந்த ‘இன்னும்’ தந்த ஆறுதல் கொஞ்சமல்ல. மரத்த கையோடும் ஒருத்தி புடவை கட்டி பஸ் பிடித்து இங்கே வந்து உட்கார முடிகிறதே!

இந்த வகை வருகைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1952இல் நியூயார்க்கில் டெரீஸ் லாஸர் என்ற பெண்மணிக்கு மார்பை எடுத்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு என்ன உடுத்துவது, கையை எப்படித் தூக்குவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தானே கற்றுக்கொண்டு, தன்னைப்போல் படுத்திருந்தவர்களைத் தேடி வார்டு வார்டாகப் போக ஆரம்பித்தார். அவர் கொண்டுபோன பையில் ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, உள்ளாடைக்குள் வைக்க ஒரு தற்காலிக மார்பு. டாக்டர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பின்னால் 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது. மலேசியாவில் 1986 முதல் இதே வேலையைச் செய்துவரும் சங்கம் ஒன்று உண்டு. புனேயிலும் பிரசாந்தி கேன்சர் கேர் மிஷன், ஆஸ்தா ஆதரவுக் குழு என்று இருக்கின்றன. எனக்கு லாஸரிடம் பிடித்தது அந்தப் பைதான். ஆறுதல் வார்த்தைகளை நம்பாமல் பந்தையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு போன பெண்மணி.

ஆனால் அந்தப் பையை அப்படியே கொண்டுவந்து நம் அம்மாக்கள் முன்னால் திறக்க முடியாது.

ஹிஞ்சவடியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாகட்டில் வீடு வாங்கியிருக்கிறார்கள். ஊரில் கட்டி என்று தெரிந்ததும் அம்மாவை இங்கே அழைத்து வந்துவிடுகிறார்கள். அந்த அம்மாவுக்கு மராத்தி தெரியாது, இந்தி தெரியாது. டாக்டர் சொல்வதை மகன்தான் தமிழில் சொல்ல வேண்டும். மகனிடம் ‘மார்பு’ என்ற சொல்லை அம்மா சொல்ல மாட்டார். மகனும் சொல்ல மாட்டான். ‘அந்த இடம்’ என்கிறான். ரேடியேஷனை ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்போம், இந்திக்காரர்கள் ‘சிகாயி’ என்கிறார்கள், ஒத்தடம் மாதிரி. சிகாயி என்றதும் ஏதோ சூடு வைக்கப்போகிறார்கள் என்று ஒரு அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நான் போய், “அது சுடாதும்மா, எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி படுத்துக்கிட்டு இருக்கணும். போகப் போகத்தான் தோல் கறுக்கும், எரியும்” என்று சொன்ன பிறகுதான் காபி குடித்தார்.

அவர்கள் கேட்கும் கேள்விகள் எந்தக் கையேட்டிலும் இல்லாதவை. ஆபரேஷனுக்குத் தாலியைக் கழற்றச் சொன்னார்களே, அது யார் கையில் இருக்க வேண்டும்? கீமோ நேரத்தில் ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கிறது, வீட்டில் புதுப் பூ வைக்காதீர்கள் என்றார்களே, அப்படியானால் வெள்ளிக்கிழமை தலையில் வைக்க முடிதான் இல்லை, சாமிக்குமா கூடாது? முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்தாக வரும் என்பதை முன்கூட்டியே சொல்லலாமா என்று மருமகள் தனியாக வந்து கேட்பாள். சொல்லத்தான் வேண்டும். தலையணையில் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் காலை மிகக் கொடியது.

எல்லாக் கேள்விக்கும் கடைசியில் வருவது முந்தானை.

தமிழ்ப் பெண்கள் கட்டும் கட்டில் முந்தானை இடது தோளில் போகிறது. இடது மார்பை எடுத்தவர்களுக்குத் துணியே பாதி வேலையைச் செய்துவிடும். வலது மார்பு போனவர்களுக்குத்தான் சங்கடம். அந்தப் பக்கத்தில் புடவை மெல்லிசாக ஓடுகிறது, தட்டையாக விழுந்தால் எதிரே நிற்பவர் கண்ணுக்கு உடனே படும். குஜராத்தி மாதிரி வலது தோளுக்குக் கொண்டுவரலாம். நான் ஒரு வருடம் அப்படிக் கட்டினேன். ஆனால் எழுபது வயது அம்மாவிடம் போய் நாளையிலிருந்து குஜராத்திக் கட்டு கட்டுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

இன்னொன்று, கடையில் விற்கும் சிலிக்கான் மார்பு பிரா போடுகிறவர்களுக்காகச் செய்தது. நம் மூத்த பெண்களில் பலர் பிரா போடுவதில்லை. வெறும் ரவிக்கைதான். விலையும் ஆயிரக்கணக்கில். ஆகவே பை ரவிக்கையிலேயே இருந்தாக வேண்டும். பழைய மல் வேட்டித் துணியில், கொக்கிப் பட்டியிலிருந்து அக்குள் பக்கத் தையல்வரை உள்ளே ஒரு தட்டு வைத்துத் தைக்கிறேன். பையின் வாய் பக்கவாட்டில் இருக்கும். தழும்பின் மேல் எந்த மடிப்பும் வரக் கூடாது, முடிச்சும் கூடாது. டெய்லரிடம் கொடுக்கலாமே என்பார்கள். கொடுக்க வேண்டியது அளவு ரவிக்கை. அது பழைய உடம்பின் அளவு. புது அளவை அந்த ஆளிடம் எப்படிச் சொல்வது?

ரவிக்கைத் துணிக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு கொலுவுக்கும் தாம்பூலத்தோடு வரும் ரவிக்கைத் துண்டுகள் எல்லார் பீரோவிலும் அடுக்கடுக்காக இருக்கின்றன. எண்பது சென்டிமீட்டர், யாருக்கும் பொருந்தாத ஊதா. அவையெல்லாம் என்னிடம் வந்து சேர்கின்றன.

பையின் உள்ளே போகும் மார்பை குரோஷாவில் பின்னுகிறேன். கனடாவின் பெரில் சாங் 2005இல் ஒரு பின்னல் இதழில் இப்படி ஒன்றின் முறையை வெளியிட்டார். பிறகு அமெரிக்காவில் பார்பரா டெமரெஸ்ட் அதைப் பெரிய தொண்டாக வளர்த்தார். மும்பையில் ஜெயஸ்ரீ ரத்தன் தொடங்கிய சாயிஷா அமைப்பு இங்குள்ள பெண்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறது. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: நடுவில் ஒரு வளையம், அதில் ஆறு கண்ணி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூட்டிக்கொண்டே போக வேண்டும். வேண்டிய அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்தினால் தானாகக் குழிந்து கிண்ணமாகும். முதுகுப் பக்கம் தட்டை. நூல் பருத்தியாக இருக்க வேண்டும். மலிவான அக்ரிலிக் கம்பளி தழும்பை அரிக்கும். பஞ்சைத் திணிக்கும்போது பொம்மை மாதிரி இறுக்கிவிடக் கூடாது. மறு மார்பு என்ன வயதோ அந்தத் தளர்ச்சி இதற்கும் வேண்டும். ஆரம்பத்தில் நான் பின்னியவை எல்லாம் இருபது வயது மார்புகள். போட்டுப் பார்த்த அத்தைமார் கண்ணாடியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வெறும் பஞ்சு என்றால் கையைத் தூக்கினால் மேலே ஏறிவிடும். கனம் வேண்டும் என்பது அதனால்தான். அதற்கும் பொறுக்க வேண்டும். காயம் நன்றாக ஆறி டாக்டர் சரி என்ற பிறகுதான், பெரும்பாலும் ஆறு வாரம் கழித்து. அதுவரை பஞ்சு மட்டும்.

எங்கே நிறுத்திக்கொள்வது என்பதும் இந்த வேலையில் பாதி. முள்சீத்தா இலைக் கஷாயம் குடிக்கலாமா என்று கேட்டால், பாட்டிலோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்பேன். என் கருத்து எனக்கு உண்டு, சொல்வதில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கத்துவேன். கீமோ நடக்கும்போது காய்ச்சல் நூறு டிகிரி தாண்டினால் காலை வரை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. ஒரு தடவை இரவு பதினொன்றரைக்கு ஒரு மகன், “ஆன்ட்டி, நூத்தியொண்ணு இருக்கு, டோலோ குடுத்துட்டுக் காலையில…” என்று இழுத்தான். “காரை எடுப்பா” என்றேன்.

நாங்கள் மாதம் ஒருமுறை ஒரு கட்டடத்தின் கிளப் ஹவுஸில் கூடுகிறோம். வாசலில் செக்யூரிட்டி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். புற்றுநோய்க் கூட்டம் என்று எழுதினால் அடுத்த மாதம் பாதிப் பேர் வர மாட்டார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அதனால் ‘ஹல்தி குங்கும்’ என்று எழுதச் சொன்னோம். சங்கராந்தியிலிருந்து ரதசப்தமி வரை மராத்தி வீடுகளில் சுமங்கலிகளை அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுக்கும் வைபவம் அது. எங்கள் ஹல்தி குங்கும் ஆடியிலும் நடக்கிறது, ஐப்பசியிலும் நடக்கிறது. கணவனை இழந்தவர்களும் வருகிறார்கள். செக்யூரிட்டிக்குச் சந்தேகம் உண்டு, கேட்டதில்லை.

அங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். யாருக்காவது ஐந்து வருடம் முடிந்தால் கேக் வெட்டிக் கைதட்டுவோம். மூன்றாவது வருடமோ என்னமோ, ஒரு கைதட்டலின் நடுவே பின்வரிசையில் ஒருத்தி தட்டாமல் கையை மடியில் வைத்திருந்ததைப் பார்த்தேன். அவளுக்கு எலும்புக்குப் பரவியிருந்தது. மருந்து ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்று கேட்காவிட்டால் அடுத்தது. ‘முடிந்தது’ என்ற நாள் அவள் காலண்டரில் கிடையாது. எனக்கே அது அதுவரை உறைக்கவில்லை. ஹார்மோன் சார்ந்த வகையில் ஐந்து வருடம் கழித்தும் திரும்பி வரலாம் என்று தெரிந்த நான்தான் கேக்குக்கு ஆர்டர் கொடுத்தவள். மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். “அதெல்லாம் விடுங்கக்கா, உட்கார்ந்தா இடுப்பு வலிக்குது, குஷன் எப்படித் தைக்கணும் சொல்லுங்க” என்றாள்.

கேக்கை நிறுத்திவிட்டோம். இப்போது கூட்டத்தில் யாரும் எத்தனை வருடம் என்று சொல்வதில்லை, இந்த மாதம் என்ன என்று மட்டும். அவள் இன்னும் இரண்டு வருடம் வந்தாள். அந்தக் குஷன் என் வீட்டில் இருக்கிறது.

போன வாரம் காஸ்பட்டே வஸ்தியில் ஒரு அம்மா. விழுப்புரம் பக்கம். வலது பக்கம், அறுவை முடிந்து இரண்டரை மாதம். மகனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, மருமகளைக் கதவைச் சாத்தச் சொல்லி, ரவிக்கையைப் போட்டுப் பார்த்தார். கொசுவத்தைச் செருகினார். முந்தானையை இடது தோளில் எறிந்தார். கண்ணாடியில் நேராக ஒரு பார்வை, பக்கவாட்டில் ஒரு பார்வை. ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சமையலறைக்குள் போய் மேல்தட்டிலிருந்த புளி டப்பாவை வலது கையால் எடுத்தார். எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“ஏறுது” என்றார்.

“எவ்வளவும்மா?”

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் அகட்டிக் காட்டினார். அரை அங்குலம் இருக்கும். பஞ்சு மார்பை வாங்கி அதன் முதுகுப் பக்கத்துச் சுருக்கை அவிழ்த்தேன். இன்னும் ஆறு பாசிமணி போட்டுப் பார்க்கலாம். அவர் டப்பாவை இறக்காமல் பக்கத்திலேயே நின்றுகொண்டு, நான் எண்ணுவதைச் சரிபார்த்தார்.