உறையைப் படிப்போம், உடலைக் காப்போம்

கேழ்வரகுக் களியும் கூழும் நம் சோளிங்கருக்குப் புதியவை அல்ல. ஆடி மாதம் பிறந்தால் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவதைக் காணாதவர் நம்மில் யார்? முன்பெல்லாம் தானியத்தைப் புடைத்ததும் அரைத்ததும் வீட்டாரே. இன்றோ அதே கேழ்வரகு பிஸ்கட்டாகவும் சேமியாவாகவும் வண்ண உறைக்குள் வருகிறது. உள்ளே இருப்பதை அறிய உறையின் எழுத்தையே நாம் நம்ப வேண்டியிருக்கிறது.

தவிடு, முளைக்கரு, மாவுப்பகுதி ஆகிய மூன்றும் குறையாமல் இருப்பதே முழுத்தானியம். முதல் இரண்டையும் நீக்கினால் நார்ச்சத்தும், இரும்புச்சத்து, வைட்டமின்களில் பெரும்பகுதியும் போய்விடும். மைதா அத்தகையதே. கேழ்வரகின் தோல் மணியோடு ஒட்டியிருப்பதால் அதைப் பெரும்பாலும் முழுதாகவே அரைக்கிறோம். ஆனால் தினை, சாமை முதலியவற்றைத் தீட்டி விற்பதும் உண்டு. ஆகவே 'சிறுதானியம்' என்ற சொல் மட்டும் போதாது. ரொட்டியின் பழுப்பு நிறமும் சான்றாகாது. நிறம் சேர்த்தும் அதைப் பெறலாம்.

இவ்வாண்டு மனையியல் வகுப்புக்கு அவரவர் வீட்டு வெற்று உறைகளைக் கொண்டுவந்தோம். எங்களில் ஒருத்தியின் பாட்டிக்கு நீரிழிவு நோய். காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் அவளுடைய அம்மா, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பாட்டிக்கென்றே கூடுதல் விலைக்கு வாங்கும் பிஸ்கட்டின் உறை அங்கே இருந்தது. முன்புறம் கேழ்வரகுக் கதிரின் படம். பின்புறப் பட்டியலில் முதலில் மைதா, அடுத்துச் சர்க்கரை, பிறகு எண்ணெய், அதற்கும் பிறகே கேழ்வரகு! பாட்டியோ மருந்தைப் போல் காலையும் மாலையும் அதை உண்டு வந்தார். கேழ்வரகே ஆனாலும் நீரிழிவுக்காரருக்கு அளவு வேண்டும். இதுவோ பெரிதும் மைதாவும் சர்க்கரையும்! வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, சேர்பொருள்களை எடையில் மிகுந்தது முதல் வரிசையாக எழுத வேண்டும். ஒரு பொருளைச் சொல்லாலோ படத்தாலோ சிறப்பித்துக் காட்டினால், அது எத்தனை விழுக்காடு என்றும் குறிக்க வேண்டும். ஆக, உண்மை உறையிலேயே இருக்கிறது. ஆனால் அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதினால் போதும். தமிழில் எழுதுவது விற்பவர் விருப்பம். அந்தப் பாட்டிக்கும் அம்மாவுக்கும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும்!

அமெரிக்காவில் 2005 முதல் முழுத்தானியத்துக்கென்றே ஒரு முத்திரை உண்டு. ஒரு முறை உண்ணும் அளவில் எத்தனை கிராம் முழுத்தானியம் என்பதை அது காட்டும். நம் நாட்டுப் பச்சைப் புள்ளியைப் படிப்பறியாதவரும் சைவ உணவின் அடையாளம் என அறிவர். முழுத்தானியத்துக்கும் அவ்வாறு எளிய அடையாளம் ஒன்று எல்லா உறைகளிலும் வந்தால் எவ்வளவு நலம்!

அதுவரை அப்பணி நம்முடையதே. உணவகத்தில் 'கோதுமைப் பரோட்டா' என்றால், "அண்ணா, மைதா கலந்ததா?" என்று பணிவுடன் கேட்போம். கடையில் பட்டியலின் முதற்பெயரைப் பார்த்து வாங்குவோம். அன்புச் சகோதரிகளே, நாம் கற்கும் ஆங்கிலம் தேர்வுத்தாளோடு நின்றுவிடலாகாது. வீட்டுக்கு வரும் ஒவ்வோர் உறையையும் பெரியவர்களுக்குத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டுவோமாக!