படுத்துக் கிடக்கும் சுவர்

மான்செஸ்டரில் பூத் தெருப் பக்கம் நடந்து வந்தபோது, தேசிய கிராஃபீன் நிறுவனத்தைப் போர்த்தியிருக்கும் கறுப்பு எஃகுத் திரையை வெறும் அலங்காரம் என்றே நினைத்தேன். கிட்டப் போனால் எங்கும் துளைகள். கிராஃபீன் ஆய்வில் வரும் சமன்பாடுகளைத்தான் அப்படித் துளையிட்டு எழுதியிருக்கிறார்கள். சுவரைக் கடந்து போகும் எலக்ட்ரான்களைப் பார்க்க வந்தவனுக்குப் பொருத்தமான வாசல்.

அதிர்வு தாக்காதிருக்கத் தூய அறையைக் கீழ்த்தளத்தில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அப்பால் மஞ்சள் விளக்கொளி. தலை முதல் கால்வரை மூடிய உருவங்கள். என்னை அழைத்துப் போன ஆய்வு மாணவி பக்கத்து அறையில் நுண்ணோக்கியைத் திருப்பிக் காட்டினார். திரையில் மங்கலான ஊதாத் திட்டு ஒன்று. ஒற்றை அணுத் தடிமனுள்ள கார்பன் தாள்: கிராஃபீன். விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை மட்டுமே உறிஞ்சும் தாள் கண்ணுக்குத் தெரிவதே, அடியிலிருக்கும் சிலிக்கான் ஆக்சைடு படலத்தின் தயவு. 2004-ல் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்தது இதைத்தான்.

இந்தத் தாளுக்குள் ஓர் எலக்ட்ரானின் குறுக்கே மின்னழுத்தத்தால் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? வேறு பொருள்களில் சுவர் தடிக்கத் தடிக்க ஊடுருவல் மளமளவென்று குறைந்துவிடும். இங்கே நேராக வந்து மோதும் எலக்ட்ரான், சுவர் எவ்வளவு உயரமானாலும் முழுவதுமாகக் கடந்துவிடுகிறது. ஒளிவேகத்தை நெருங்கும் துகள்களுக்கு ஆஸ்கர் கிளைன் 1929-ல் கணக்கிட்ட விந்தை இது. கிராஃபீனிலும் அது நிகழும் என்று காட்ஸ்நெல்சன், நோவோசெலோவ், கெய்ம் மூவரும் 2006-ல் காட்டினார்கள். கிராஃபீனின் தேன்கூட்டு வலையில் இரண்டு வகை அணு இடங்கள் உண்டு. எலக்ட்ரானின் அலை அவ்விரண்டிலும் பங்கிட்டு நிற்கும் விதம் அது போகும் திசையோடு பிணைந்தது. திரும்ப வேண்டுமானால் அந்தப் பங்கீடே மாற வேண்டும். மின்சுவரால் அதை மாற்ற முடிவதில்லை. இரண்டு தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்துவிட்டாலோ எல்லாம் தலைகீழ்: நேராக மோதுவது அப்படியே திரும்பிவிடுகிறது. ஒரே ஒரு அணு அடுக்கு கூடியதற்கு இவ்வளவு மாற்றம்! எனக்கு இன்னும் பிரமிப்பு நீங்கவில்லை.

அழகான இயற்பியல், ஸ்விட்ச் செய்ய வந்தவருக்கோ பெருந்தொல்லை. மின்னோட்டத்தை நிறுத்தவே முடியாதே! ஆகவே சுவரைப் படுக்கவைத்தார்கள். இரண்டு கிராஃபீன் தாள்களுக்கு நடுவே சில அடுக்கு போரான் நைட்ரைடு என்னும் மின்கடத்தாப் பொருள். ஓர் அடுக்கின் தடிமன் ஒரு நானோமீட்டரில் மூன்றிலொரு பங்கு. எலக்ட்ரான் தாளோடு ஓடாமல், செங்குத்தாகத் தடுப்பை ஊடுருவ வேண்டும். இப்படியொரு டிரான்சிஸ்டர் 2012-ல் மான்செஸ்டரில் உருவானது. இத்தகைய ஆய்வுகளுக்கு உலகெங்கும் போகும் போரான் நைட்ரைடு படிகங்களில் பெரும்பங்கு ஜப்பானின் சுகுபாவில் தனிகுச்சியும் வதனபேயும் உயரழுத்தத்தில் வளர்த்தவை.

மாணவி பாலிமர் முத்திரையால் ஒரு தாளைத் தொட்டுத் தூக்கினார். இனி முக்கியம் கோணம். இரு தாள்களின் வலைகளும் ஓரிரு பாகைக்குள் ஒத்திசைந்தால்தான், எலக்ட்ரான் தன் ஆற்றலையும் உந்தத்தையும் இழக்காமல் மறுபக்கம் இறங்கும். மேடையை மயிரிழை அளவு திருப்பினார், பார்த்தார், மீண்டும் திருப்பினார். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

முன்பே செய்துவைத்த இன்னொரு சில்லின் அளவீட்டைத் திரையில் காட்டினார். மின்னழுத்தம் ஏற ஏற மின்னோட்டமும் ஏறியது. ஓரிடத்தில் உச்சி தொட்டு, அழுத்தம் கூடிக்கொண்டே இருக்கும்போதே சரிந்து இறங்கியது. அந்தச் சிறு திமிலை விரலால் தொட்டுக் காட்டியவர், மறுபடி நுண்ணோக்கிக்குக் குனிந்துகொண்டார்.