மாட்டுங்காவில் தீபாவளிச் சமையலறை

மும்பை மாநகரில் வாழும் தமிழருள் மாட்டுங்காவை அறியாதார் இரார். 1896இல் இந்நகரைப் பிளேக் நோய் வாட்டிய பின், 1898இல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்ட் இப்பக்கங்களில் அகன்ற வீதிகளை வகுத்தது. 1915இல் இரயில்வே பட்டறையும் வந்தது. பேனாவையும் சான்றிதழையும் நம்பிப் புறப்பட்ட நம்மவர் பலர் இங்கே வேரூன்றினர்.

இரயில்வே குமாஸ்தாக்களாகிய எங்களுக்குத் தீபாவளி சற்று முன்னதாகவே வந்துவிடும். 2024 நவம்பர் முதல் பயணத்துக்கு 60 நாட்கள் முன்பாக முன்பதிவு தொடங்குகிறது. அன்றே கூட்டம் ஜன்னலை மொய்க்கும். பிறரை ஊருக்கு அனுப்பும் எங்களுக்கு அந்நாட்களில் விடுப்புக் கிடைப்பது அரிது. ஆகவே ஊரையே எங்கள் இரண்டு அறைக் குடியிருப்புக்கு வரவழைக்கிறோம். அது சமையலறை வழியாகத்தான் வரும்.

இவ்விஷயத்தில் மும்பை நமக்கு ஓர் உதவி செய்கிறது. தமிழகத்தில் ஐப்பசி என்றால் அடைமழை. மாவு உலர வெயில் தேட வேண்டும். இங்கோ அக்டோபரில் பருவமழை விலகி, வெயில் காய்கிறது. நான்கு மாத ஈரம் ஏறிய டப்பாக்களைக் கழுவிக் கவிழ்ப்பதும், உளுந்தையும் பருப்பையும் காயவைத்து வண்டு நீக்குவதும் முதல் வேலை. அடுத்தது, 14.2 கிலோ எரிவாயு உருளையைத் தூக்கிப் பார்த்தல்! எண்ணெய் காயும் வேளையில் அது தீர்ந்த கதை பல வீடுகளில் உண்டு. மாவு மில்லுக்குக் கடைசி வாரம் சென்றால் நீண்ட வரிசை. லேகியத்துக்கான சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் யாவும் மாட்டுங்காக் கடைகளிலேயே கிடைக்கும்.

சென்ற ஆண்டு இவற்றில் எதையும் நாங்கள் செய்யவில்லை. ஆடியில் எங்கள் அன்னையார் காலமானார். வழக்கப்படி எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. அன்று மாலை எதிர்வீட்டு மராத்தி அம்மையார், நாங்கள் காகூ என்று அழைப்பவர், ஒரு தட்டில் சக்லியும் கரஞ்சியும் கொண்டுவந்தார். "உங்கள் வீட்டில் அடுப்பு ஏறக்கூடாது, எங்கள் வீட்டில் ஏறலாமே! குழந்தைகள் என்ன செய்வார்கள்?" என்றார். நாங்கள் பதில் சொல்ல இயலாமல் நின்றோம்.

இவ்வாண்டு பரணிலிருந்து அன்னையாரின் பித்தளை முறுக்கு நாழியை இறக்கினோம். பழம்புடவைத் துண்டில் சுற்றியபடியே இருந்தது. புளியிட்டுத் தேய்த்ததும் பளபளத்தது. ஆனால் அளவு யாருக்கும் தெரியவில்லை! அவர் எதையும் எழுதிவைத்ததில்லை, கைதான் கணக்கு. ஒரு வாரம் முன்னதாகச் சிறிதளவு பிழிந்து பார்த்தோம். கல்லைப் போல் கடினமாயிற்று. இல்லாள் கண்கலங்கி, "அத்தையிடம் ஒரு நாள் கேட்டிருக்கலாம்" என்றாள். காகூ ஒன்றைக் கடித்துப் பார்த்து, "வெண்ணெய் போதவில்லை" என்றார். மறுநாள் நான்கு ஆழாக்கு அரிசி மாவுக்கு ஓர் ஆழாக்கு வறுத்த உளுந்து மாவும், சற்றுத் தாராளமாக வெண்ணெயும் சேர்த்தோம். வாயிலிட்டதும் கரைந்தது. அந்த அளவைப் பென்சிலால் அலமாரிக் கதவின் உட்புறம் எழுதிவைத்திருக்கிறோம்.

நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய் ஸ்நானம் செய்வது இரு வீட்டாருக்கும் பொதுவே. அவர்கள் கரீட் என்னும் கசப்புக் காயை வாசலில் காலால் நசுக்கி அசுரவதத்தை நினைக்கிறார்கள். நாம் கங்கா ஸ்நானம் ஆயிற்றா என்று விசாரிக்கிறோம். இம்முறை ஸ்நானம் முடிந்ததும் முதல் தட்டு முறுக்கு எதிர்வீட்டுக்கே செல்லும்.

நேயர்களே, பண்டிகைக்குச் சமையலறையை ஆயத்தம் செய்கையில் டப்பாக்களைத் துடைப்பதோடு நின்றுவிடாதீர்கள். வீட்டில் முதியோர் இருப்பின், இன்றே அருகமர்ந்து அளவுகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.